செக்கர் கேட்ட காவி

அடைக்கலத்துக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. அதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. அவர் பார்த்த உத்தியோகம் அப்படி. பத்து வருஷம் கண்டக்டர், அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் செக்கர். நடுரோட்டில் பஸ்ஸை நிறுத்தி ஏறி, டிக்கெட்டைக் காட்டு என்று கையை நீட்டுகிற வேலை. கண்ணை மூடியிருப்பவன் நிஜமாகவே தூங்குகிறானா, ஜன்னலோரத்துக்காரன் எதற்காக இத்தனை மும்முரமாக வேடிக்கை பார்க்கிறான் என்பதையெல்லாம் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். வீட்டில் பெண்டாட்டி ரசம் வைத்தால்கூட மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ரசம் என்று ஒப்புக்கொள்வார்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் ஐம்பத்து மூன்றாவது வயதில், ரிட்டயர் ஆக முழுசாக ஏழு வருஷம் இருக்கும்போதே, விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனி மாசக் கடைசியில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தோப்புச்சாமியிடம் வந்து சேர்ந்தார். தனக்குக் காவி வேண்டும் என்று கேட்டார்.

தோப்புச்சாமி என்பது ஊர் வைத்த பேர். தென்னந்தோப்புக்குள் இரண்டு கீற்றுக் கொட்டகை, ஒரு அடிபம்பு, நாலு பாத்தி கீரை, அவ்வளவுதான் மடம். சாமிக்கு வயசு முப்பத்தொன்பது. அடைக்கலத்தைவிடப் பதினாலு வருஷம் இளையவர். பேச்சு குறைவு. ஆனால் வந்தவர்கள் மனசு ஆறிப் போனார்கள் என்று சுற்றுவட்டாரத்தில் பேர் இருந்தது.

வந்த அன்றைக்கே அடைக்கலத்தின் கண்ணில் ஒரு விஷயம் பட்டுவிட்டது. சாமி கட்டியிருந்தது காவி இல்லை, வெள்ளை வேட்டி. அதுவும் பழுப்பேறிப் போன நாலு முழ வேட்டி. காவி கட்டாத சாமி என்ன சாமி என்று உள்ளுக்குள் ஒரு முள் தைத்தது. சரி, பார்ப்போம் என்று கும்பிட்டு உட்கார்ந்தார்.

சாமி ரொம்பக் கேட்கவில்லை.

"உங்களை எதிர்பார்த்து யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லீங்க சாமி. பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டேன். பையன் படிச்சு முடிச்சு வேலைக்குப் போறான்."

"கடன்?"

அடைக்கலம் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர். சட்டைப் பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து நீட்டினார். வேலையை விட்டபோது வந்த மொத்தப் பணத்தையும் கொண்டுபோய் பேங்கில் வீட்டுக் கடனுக்குக் கட்டியிருந்தார். ஒரு பைசா பாக்கி இல்லை என்று சீல் வைத்துக் கொடுத்திருந்தார்கள்.

சாமி ரசீதை முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இருங்க. காவியை அப்புறம் பாக்கலாம்."

அந்த ரசீது பொய்யில்லை. ஆனால் அது முழுக்கதையும் இல்லை. பேங்க் கடனை அடைக்காவிட்டால் நோட்டீஸ் வரும், ஜப்தி வரும். அடைக்கலத்துக்கு இன்னொரு கடன் இருந்தது. அந்தக் கடன்காரர்கள் நோட்டீஸ் அனுப்புவதில்லை. மஞ்சள் தடவின பத்திரிகைதான் அனுப்புவார்கள்.

அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே ஆடி பிறந்தால் மொய் விருந்து. கையில் காசில்லாமல் தவிக்கிறவன் பந்தல் போட்டு, ஆடு அடித்து, ஊரைக் கூப்பிட்டுச் சோறு போடுவான். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். ஐந்நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்று ஒரே நாளில் லட்சக்கணக்கில் சேர்ந்துவிடும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. எழுதினவன் எப்போது விருந்து வைக்கிறானோ அப்போது வாங்கினவன் போய் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, பழைய மொய்யைத் திருப்பிக் கொடுத்து, அதன்மேல் புதுசாக ஏதாவது சேர்த்தும் எழுத வேண்டும். முன்கூட்டியே வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கவும் முடியாது. அப்படிக் கொடுத்தால் இனி உன் வாசல் மிதிக்கமாட்டேன் என்று சொன்னதாக அர்த்தம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் பெண் கல்யாணத்துக்காக அடைக்கலம் ஒரு மொய் விருந்து வைத்தார். நூற்று எண்பத்தாறு பேர் எழுதினார்கள். ஒன்பது லட்சத்துச் சொச்சம் வந்தது. அதில் ஐம்பத்து நாலு பேருக்குத்தான் இதுவரை திருப்பியிருந்தார். இந்த வருஷம் ஆனி மாசத்திலேயே முப்பத்தொரு பத்திரிகை வந்து குவிந்தது. அத்தனையையும் மேஜையில் அடுக்கி வைத்து ஒரு சாயங்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஏழு வருஷம் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினாலும் சம்பளம் முழுக்க இதற்கே போய்விடும் என்று தெரிந்தது. அன்றைக்குத்தான் அவருக்கு வைராக்கியம் பிறந்தது. ஞானம் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு வழியில் வரும். இவருக்குத் தபாலில் வந்தது.

சாமியாராகிவிட்டவனுக்கு யார் பத்திரிகை வைப்பார்கள்? இந்த எண்ணத்தை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. மனசு விட்டுப்போச்சு என்று மட்டும் பெண்டாட்டி தையல்நாயகியிடம் சொன்னார். அவள் அழவுமில்லை, தடுக்கவுமில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மொய் நோட்டு?"

"டிவி ஸ்டாண்டுலதான் இருக்கு."

அதோடு கிளம்பி வந்துவிட்டார்.

தோப்பில் ஒரு மாசம் ஓடியது. அடிபம்பில் தண்ணீர் அடித்தார், பாத்திக்குப் பாய்ச்சினார், விழுந்த மட்டைகளை இழுத்துப் போட்டார். முழங்காலுக்குக் கீழே நரம்பு புடைத்துக்கொண்டிருந்த இடமெல்லாம் வலி குறைந்தது. நல்ல தூக்கம் வந்தது. காவி மட்டும் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் சாமி சிரித்துக்கொண்டு பார்க்கலாம் என்றார்.

ஏன் இழுக்கிறார் என்று அடைக்கலம் யோசிக்க ஆரம்பித்தார். யோசனை பழைய தடத்தில் தானாக ஓடியது. தட்சணை எதிர்பார்க்கிறாரோ? வீட்டை மடத்துக்கு எழுதி வைக்கச் சொல்வாரோ? சும்மா வேலை வாங்குவதற்கு ஒரு ஆள் கிடைத்தான் என்று வைத்திருக்கிறாரோ?

இன்னொன்றும் உறுத்தியது. ஆடி பிறந்ததிலிருந்து சாமி அடிக்கடி காணாமல் போனார். வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள். விடிந்ததும் ஏழு மணி பஸ்ஸில் மஞ்சள் பையோடு போவார், பொழுது சாயத் திரும்புவார். எங்கே போனீர்கள் என்று கேட்டால் வேலை இருந்தது என்பார். சாமியாருக்கு என்ன வேலை?

ஒரு சாயங்காலம் சாமி அவரைத் தாண்டிப் போனபோது அடைக்கலத்தின் மூக்கு விடைத்தது. மசாலா வாசனை. வெறும் மசாலா இல்லை, கறி மசாலா. இஞ்சி, பூண்டு, பட்டை, ஆட்டுக்கொழுப்பு. தோப்பில் மூன்று வேளையும் கீரையும் கஞ்சியும் தின்று நாக்கு செத்துப் போயிருந்த மனுஷருக்கு அந்த வாசனை தப்பவே தப்பாது. ஓகோ, இதுதானா சங்கதி என்று நினைத்துக்கொண்டார். வயிற்றெரிச்சலும் கொஞ்சம் இருந்தது. நம்மைக் கீரை தின்னவிட்டு இவர் மட்டும் கறி தின்றுவிட்டு வருகிறார்.

மறுநாள் காலையில் சாமி குளிக்கப் போயிருந்தபோது மஞ்சள் பையைத் துழாவினார். தப்புத்தான். ஆனாலும் பதினெட்டு வருஷ செக்கர் கை, சும்மா இருக்குமா? உள்ளே எண்ணெய்க் கறை படிந்த ஒரு கைலி, கரி பிடித்த துண்டு, இரண்டு மூன்று பஸ் டிக்கெட். டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊர். நாள், நேரம், ஏறின இடம், இறங்கின இடம், எல்லாம் சரியாக இருந்தது. டிக்கெட் எடுக்காமல் போகிற ஆள் இல்லை என்பது ஒரு ஏமாற்றமாகவே இருந்தது.

அடுத்த புதன்கிழமை சாமி ஏழு மணி பஸ்ஸில் ஏறினதும் அடைக்கலம் சாலைக்கு வந்தார். பின்னாலேயே இருபது நிமிஷத்தில் இன்னொரு வண்டி வரும் என்று அவருக்குத் தெரியாதா? ஏறினார். முன்னால் போன பஸ்ஸின் கண்டக்டர் பழைய சினேகிதன். போன் போட்டு, வெள்ளை வேட்டி, மஞ்சள் பை, எங்கே இறங்குகிறார் பார் என்றார். ஆலடிக்கொல்லை என்று பதில் வந்தது.

அடைக்கலமும் ஆலடிக்கொல்லையில் இறங்கினார். எதிரே பெரிய பந்தல். வாசலில் வாழைமரம், ஒலிபெருக்கி, நாலு மேஜை போட்டு நோட்டும் பேனாவுமாக மொய் எழுதுகிறவர்கள். கறிக் குழம்பு வாசனை ரோடு வரைக்கும் வந்தது. வாசல் போர்டில் செல்லப்பன் என்று பேர் எழுதியிருந்தது. பஸ் டிப்போவுக்கு எதிரில் டீக்கடை வைத்திருக்கிற அதே செல்லப்பன். அந்த முப்பத்தொரு பத்திரிகைகளில் செல்லப்பனுடையதும் ஒன்று.

திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றார். ஆனால் கறி தின்கிற சாமியைக் கையும் களவுமாகப் பிடிக்கிற ஆசை விடவில்லை. முன்பக்கம் முழுக்கத் தெரிந்த முகங்கள். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பந்தலைச் சுற்றி, சமையல் நடக்கிற பின்பக்கத்துக்குப் போனார்.

அங்கே மூன்று அடுப்பில் ஆள் உயர அண்டாக்கள் கொதித்துக்கொண்டிருந்தன. காலியான ஒரு அண்டாவைச் சாய்த்துப் போட்டு, இடுப்பு வரைக்கும் அதற்குள் நுழைந்து தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார் ஒருத்தர். கைலி கட்டியிருந்தார். முதுகு தெரிந்தது. வெளியே வந்து மூச்சு வாங்கினபோதுதான் அது தோப்புச்சாமி என்று அடைக்கலத்துக்குத் தெரிந்தது.

அங்கே அடுக்கியிருந்த வாழைத்தார்களுக்குப் பின்னால் அடைக்கலம் ஒதுங்கிக்கொண்டார். பார்க்கப் பார்க்க ஒன்றும் பிடிபடவில்லை. சாமி அண்டா தேய்த்தார், விறகு சுமந்தார், வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினார். சமையல்காரர் அவரை மதியா, மதியா என்று அதட்டிக் கூப்பிட்டார். கறிப்பாத்திரத்துப் பக்கம் கை நீட்டிச் சாமி ஒரு துண்டு வாயில் போட்டதாகவும் தெரியவில்லை. உச்சி வெயில் வந்ததும் சமையல்காரர் மடியிலிருந்து எண்ணூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தார். சாமி குழாயடியில் குளித்து, பையிலிருந்த வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு முன்பந்தலுக்குப் போனார்.

பந்தலையும் சமையல் கட்டையும் ஒரு துணி மறைப்பு பிரித்திருந்தது. அடைக்கலம் அதை விரலால் ஒதுக்கிப் பார்த்தார்.

சாமி பந்தியில் உட்கார்ந்தார். குழம்பு கொண்டுவந்தவனிடம் கையைக் காட்டி மறுத்துவிட்டு, வெறும் ரசம் ஊற்றி இரண்டு வாய் சாப்பிட்டார். இலையை மடித்துவிட்டு மொய் மேஜைக்கு வந்தார். எழுதுகிறவரிடம், முத்தரசன் மகன் மதியழகன், பழையது ஐந்நூறு, புதுசு நூறு என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்தார். மிச்ச இருநூறை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

மொய்யா! சாமியாருக்கு மொய்யா! அடைக்கலத்துக்குப் பிடிபட்டுவிட்டது போல் இருந்தது. சந்நியாசி என்று ஊரை ஏமாற்றிக்கொண்டு, இந்தப் பக்கம் சொந்தப் பேரில் கொடுக்கல் வாங்கல் நடத்துகிறான். நூறு ரூபாய் புதுசு போட்டால் நாளைக்கு அது இவனுக்குத் திரும்பி வரும். அதனால்தான் காவி கட்டவில்லை. மறைப்பை விலக்கிக்கொண்டு போய் அத்தனை பேர் முன்னாலும் கையைப் பிடித்துவிடுவது என்று ஒரு எட்டு எடுத்து வைத்தார்.

அந்த எட்டோடு நின்றார். சாமிக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஆள் மேஜைக்கு வந்தான். அவர் மகன் இளமாறன்.

செல்போன் கடைச் சட்டையோடு வந்திருந்தான். சாப்பாட்டு நேரத்துக்கு அனுமதி வாங்கி வந்தவன் என்று பார்த்ததுமே தெரிந்தது. முகம் கறுத்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தது. கையில் பத்திரிகை. எழுதுகிறவர் பழைய நோட்டைப் புரட்டினார்.

"சேந்தங்குடி அடைக்கலம். பழசு பத்தாயிரம் இருக்கு, தம்பி."

இளமாறன் பணத்தை எடுத்து வைத்தான். மூவாயிரம்.

"மீதி?"

அடுத்த மாசம் சம்பளம் வந்ததும் வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன் என்று தணிந்த குரலில் சொன்னான். எழுதுகிறவர் பேனாவை வைத்துவிட்டு அவனையே பார்த்தார். அப்படியெல்லாம் வழக்கம் இல்லையே என்றார். பின்னால் நின்ற இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். துணி மறைப்புக்குப் பின்னால் நின்ற தகப்பனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

செல்லப்பன் பந்திப் பக்கமிருந்து இதைப் பார்த்துவிட்டு வந்தார். பையன் தோளில் கையைப் போட்டார்.

"பணம் கெடக்கட்டும்ப்பா. ஒங்கப்பா எங்க? அவரு விருந்துல மொத இலையில உக்காந்தவன் நான். இன்னைக்கு எம் பந்தல்ல அவரு வந்து உக்கார வேணாமா?"

இளமாறன் தலையைக் குனியவில்லை. நேராகப் பார்த்துச் சொன்னான்.

"அப்பா டூட்டில இருக்காங்க. லீவு கெடைக்கல."

செல்லப்பன் சிரித்தார். செக்கருக்கு என்றைக்குத்தான் லீவு கிடைத்திருக்கிறது என்றார். கடைசிப் பந்தி வரைக்கும் அவருக்கு ஒரு இலை போட்டு வைக்கிறேன், டூட்டி முடிந்து எப்போது வந்தாலும் சரி என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போனார். சொன்னபடியே பந்தியில் ஓரத்து இடத்தில் ஒரு இலையைப் போடச் சொன்னார். அதில் உப்பும் ஊறுகாயும் வைத்து, பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீரும் வைத்தார்கள்.

இளமாறன் சாப்பிடக்கூட உட்காரவில்லை. வெயிலில் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தான். டிப்ளமோ பாஸ் பண்ணினதும் அடைக்கலம் வாங்கிக் கொடுத்த பைக்கைக் காணோம். அது யாரிடம் விலைக்குப் போயிருக்கும், அந்தப் பணம் இதுவரை எந்தெந்தப் பந்தலுக்குப் போயிருக்கும் என்று அவர் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பெற்ற வயிறு மட்டும்தான் எரியும் என்று யார் சொன்னது? அவருக்கு அப்படி எரிந்தது.

அதற்குள் சாமி பின்பக்கம் வந்துவிட்டார். மறைப்போரத்தில் நிற்கிற அடைக்கலத்தைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. கழுவ வேண்டிய கரண்டிகளை அள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போனார். அடைக்கலம் பின்னாலேயே போனார். தன்மேல் வந்த வெட்கத்தை யார்மேலாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது.

"என்ன சாமி இது வேஷம்?"

"வேஷம் இல்லீங்க. கழுவுற வேலை."

"உங்களுக்கு எதுக்கு மொய்?"

சாமி கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார். அது அவர் அப்பா வாங்கின மொய். பந்தல் போட்ட மறுவருஷமே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். முந்நூற்று நாற்பது பேர். சாமிக்கு அப்போது இருபத்தெட்டு வயசு, ஓடிப்போய் ஒரு குருவிடம் காவி கேட்டார். குரு வெள்ளை வேட்டியைக் கொடுத்து, அப்பா கணக்கு முடிகிற வரைக்கும் இதைக் கட்டிக்கொண்டு இரு என்றாராம். பதினோரு ஆடி ஆகிவிட்டது.

"இன்னும் எத்தனை பேரு?"

"பத்தொன்பது."

"புதுசு நூறு எதுக்கு எழுதுனீங்க? கணக்கை முடிக்கிறவன் பழசை மட்டும்தானே குடுப்பான்?"

"அவங்க வீட்டுச் சோறு தின்னேனே."

அடைக்கலத்துக்குச் சந்தேகம் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது.

"எம் பையனை உங்களுக்குத் தெரியுமா?"

ஆடி முதல் வாரத்திலிருந்தே தெரியும் என்றார் சாமி. ஒன்பது பந்தலில் பார்த்தாகிவிட்டது. ஒவ்வொரு மேஜையிலும் சேந்தங்குடி அடைக்கலம் என்று படிப்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் பையன் ஒரே பதிலைத்தான் சொல்வான்.

"மொத நாளே ஏன் எங்கிட்ட சொல்லல?"

"கடன்னு கேட்டதுக்கு நீங்க ரசீதைக் காட்டுனீங்க. பாத்தேன்."

அடைக்கலம் குழாயடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். கோபம் போய்விட்டது. வேட்டியை முழங்கால் வரைக்கும் தூக்கிக் காலைக் காட்டினார். பச்சை நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்துக் கிடந்தது.

"இருபத்தெட்டு வருஷம் சாமி. நின்ன காலு. ஒரு நாள் உக்காந்து ஊருக்குப் போனதில்ல. நாய்க்குக் கிடைக்கிற மரியாதைகூட இல்லாம பேச்சு வாங்கியிருக்கேன். இனிமே முடியாதுன்னு தோணிச்சு, விட்டுட்டேன். பாதியில வேலைய விட்டது தப்பா? சும்மா கிடக்கணும்னு ஆசைப்பட்டது தப்பா?"

அதில் பொய் ஒன்றும் இல்லை. தோப்புக்கு வந்ததிலிருந்து அவர் சொன்னதிலேயே நிஜமான பேச்சு அதுதான். சாமி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் காலைப் பார்த்தார். குனிந்து, புடைத்த இடத்தில் தண்ணீர் கொஞ்சம் ஊற்றினார்.

"தப்புன்னு நான் சொல்லலையே."

"அப்ப காவியக் குடுங்க."

"குடுக்கலாம். ஒண்ணு கேட்டுக்கிறேன். பஸ்ஸுல போறவங்க நடுவழியில இறங்கலாமா?"

"தாராளமா இறங்கலாம். எந்த ஸ்டாப்புலயும் இறங்கலாம்."

"கடைசி ஸ்டாப் வரைக்கும் போயே ஆகணும்னு இல்ல?"

"இல்லீங்க சாமி. அது அவங்கவங்க இஷ்டம்."

"நீங்க வண்டிய நிறுத்தி ஏறும்போது, இன்னொரு படி வழியா அவசரமா இறங்குறவங்க?"

பதினெட்டு வருஷப் பழக்கம். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

"அவங்களைத்தான் சாமி மொதல்ல நிறுத்திக் கேப்போம். இறங்கிட்டா ஆச்சுன்னு நினைப்பாங்க. ஏறின எடத்துலேர்ந்து கணக்கு..."

பாதியில் நிறுத்திவிட்டார்.

முன்பந்தலில் கடைசிப் பந்திக்கு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். துணி மறைப்பு காற்றில் விலகினபோது ஓரத்து இலை தெரிந்தது. ஒரு ஆள் வந்து அதன்முன் உட்காரப் பார்த்தான். செல்லப்பன் ஓடிவந்து, அது ஒருத்தருக்கு வைத்திருக்கிறது என்று அவனை வேறு இடத்துக்கு அனுப்பினார்.

சாமி ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். துடைத்த கையை அடைக்கலத்துக்கு முன்னால் நீட்டினார்.

"எங்க, டிக்கெட்டைக் காட்டுங்க."

அடைக்கலத்தின் கை சட்டைப் பைக்குப் போனது. பேங்க் ரசீது அங்கேதான் இருந்தது. உள்ளே போன கை வெளியே வரவில்லை.